பாட்டு ஹாரனும் மூன்று டர்போவும்

எங்கள் மெக்கானிக் சங்கம் ஆண்டு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறது. அதற்கு என் பணி அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி நிர்வாகிகள் வீட்டுக்கு வந்தார்கள். படிக்கிறவர்களுக்கு ஊக்கம் தர வேண்டும், யார் மனமும் புண்படக் கூடாது, பின்னட்டையில் விளம்பரம் கொடுக்கிற கம்பெனியைப் பற்றி எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று நிபந்தனைகள் போட்டார்கள். அந்தக் கம்பெனி விற்பது ஒரு டப்பா. எஞ்சின் ஓடும்போதே அதை டர்போவுக்குள் பீய்ச்சி அடித்தால் உள்ளே இருக்கும் அழுக்கெல்லாம் போய்விடுமாம். கழற்ற வேண்டாம், பார்க்க வேண்டாம், கையில் கரியே படாது. கையில் கரி படாத மெக்கானிக்கை நான் இதுவரை காலண்டரிலும் பெண் பார்க்க அனுப்பும் போட்டோவிலும்தான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே மூன்றாவது நிபந்தனை இப்போதே போய்விட்டது. மற்ற இரண்டும் எவ்வளவு தூரம் தாங்கும் என்று எனக்குத் தெரியவில்லை. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஆட்களை மாற்ற அந்தக் காலத்திலேயே என்னால் முடியவில்லை.

நான் தொழில் கற்ற கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தேன். அங்கே டர்போ ஒரு படமாகச் சுவரில் தொங்கியது. பரீட்சைக்கு வரும் என்றார்கள், வரவில்லை. பிறகு புதுக்கோட்டையில் தஞ்சாவூர் ரோட்டில் இருந்த ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தேன். அங்கேயே தலை நரைத்து அங்கேயே ஓய்வு பெற்றேன். நடுவில் நடந்தது பெரும்பாலும் எண்ணெய்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டர்போ பார்ப்பதற்கு இரண்டு நத்தைக் கூடுகளை முதுகோடு முதுகு ஒட்டியது போல இருக்கும். எஞ்சினிலிருந்து வரும் புகை ஒரு கூட்டுக்குள் இருக்கும் சக்கரத்தைச் சுற்றிவிட்டு வெளியே போகும். அதே தண்டில் மறுபக்கம் மாட்டியிருக்கும் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் டீசல் நன்றாக எரியும், வண்டி இழுக்கும். ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் காற்று, நடுவில் விரல் தடிமனில் ஒரு தண்டு. அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும்தான். இவ்வளவு நுட்பமான பொருளை நம் ஆட்கள் கையில் கொடுத்தது யார் யோசனை என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

எங்கள் ஃபோர்மேன் ஞானப்பிரகாசம், ஆவூர்ப் பக்கத்துக்காரர். பட்டறைக்கு வெள்ளைச் சட்டையில் வருவார், வெள்ளைச் சட்டையிலேயே வீட்டுக்குப் போவார். நடுவில் அது எப்படி வெள்ளையாகவே இருந்தது என்பது எங்கள் யாருக்கும் பிடிபடவில்லை. அவர் யாரையும் டா போட்டுக் கூப்பிட்டதில்லை. குரலை உயர்த்தியதும் இல்லை. திட்டும்போது மரியாதை கூடும், அவ்வளவுதான். "வாங்க", "சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் கையில் இருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவோம். டர்போவைப் பற்றியும் மரியாதையாகத்தான் பேசுவார். "இவுகளுக்கு மூச்சு முட்டுது", "அவுகளக் கீழ வைக்காதீங்க" என்பார். மனிதர்களுக்கும் டர்போவுக்கும் ஒரே மரியாதைதான், ஆனால் அதில் உண்மையானது எது என்று எங்களுக்குத் தெரியும்.

கூட வேலை பார்த்த பாண்டி ஒருநாள் கழுவிய டர்போவின் சக்கரத்தில் காற்றுக் குழாயைப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தான். சக்கரம் விர்ரென்று சுற்றி விசில் சத்தம் கொடுத்தது. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஃபோர்மேன் பக்கத்தில் போய் நின்றார்.

"நல்லா விசில் அடிக்குதுங்களா?"

"ஆமா சார்."

"அவுக இப்ப இம்புட்டு வேகமாச் சுத்துறாகளே, எண்ணெய் எங்கிட்டிருந்து வருதுங்க?"

பாண்டி குழாயை எடுத்துவிட்டான். விசில் சத்தம் இறங்கி, கடைசியில் கரகரவென்று முடிந்தது.

"ஒங்க வீட்டுல கிரைண்டர்ல தண்ணி ஊத்தாமத்தான் மாவாட்டுறீங்களா? நாளைக்கு இட்லிக்கு வாரேன். வீட்டுல சொல்லி வைங்க."

அவர் முறையைச் சொல்லிவிடுகிறேன். டப்பா வாங்கியவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். எஞ்சின் ஆறும்வரை தொட விடமாட்டார். பிறகு காற்று வரும் ரப்பர் குழாயைக் கழற்றி, டார்ச் அடித்துச் சக்கரத்தின் இறக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். முனை மழுங்கியிருக்கிறதா, நெளிந்திருக்கிறதா, எண்ணெய் கசிந்திருக்கிறதா, அதில் மண் அப்பியிருக்கிறதா. அடுத்து விரலால் மெல்லச் சுற்றிவிடுவார். சத்தமே இல்லாமல் சுற்றி, தானாக நிற்க வேண்டும். பிறகு தண்டின் நுனியைப் பிடித்து ஆட்டம் பார்ப்பார். பக்கவாட்டில் கொஞ்சம் அசையலாம், எண்ணெய்க்கான இடம் அது. முன்னும் பின்னும் அசைந்தால் முகம் மாறிவிடும். கண்ணுக்குத் தெரிந்ததை நம்பாமல் டயல் கேஜ் வைத்தும் அளப்பார்.

கழற்றும் முன் கூடுகள் எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கின்றன என்று கோடு கீறி வைக்க வேண்டும். எண்ணெய்க் குழாய்களைக் கழற்றியதும் துவாரங்களை மூடிவிட வேண்டும். காற்றுப் பக்கத்துச் சக்கரம் அலுமினியம். அதற்குக் கம்பி பிரஷ் கூடாது. பல் தேய்க்கிற மாதிரி மிருதுவான பிரஷும் அதற்கென்று உள்ள கிளீனரும்தான். கரி பிடித்த புகைப்பக்கக் கூட்டை ஊறப் போடலாம். தண்டும் பேரிங்கும் இருக்கும் நடுப்பாகத்தை எதிலும் முக்கக் கூடாது. மாட்டும்போது இணைப்புகளுக்கு இடையில் வைக்கும் கேஸ்கெட் புதுசாக இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக எண்ணெய்த் துவாரத்தில் பசை தடவினால் அது பிதுங்கி உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். கடைசியில் சுத்தமான எண்ணெயைத் துவாரத்தில் ஊற்றிக் கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்ட பிறகுதான் எஞ்சினைத் தொடலாம். "பட்டினியோட ஓடச் சொல்லாதீங்க" என்பார்.

இனி செல்வரத்தினம் முதலாளியின் கதை.

கந்தர்வகோட்டைப் பக்கம் தைலமரம் ஏற்றும் லாரிகள் வைத்திருந்தார். தைலமரக் காட்டுக்குள் போகும் பாதையெல்லாம் செம்மண். வண்டி போனால் பின்னால் ஒரு கிராமமே மறையும். முதலாளி அந்தப் பாதையில் போவதில்லை. அவர் காரில் தார் ரோட்டில் நின்று போனில் வேலை வாங்குவார். ஆனால் தான் ஸ்டியரிங்கிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

ஒரு காலையில் அவருடைய லாரி கரும்புகை கக்கிக்கொண்டு எங்கள் பட்டறைக்குள் வந்து நின்றது. பின்னாலேயே கார். முதலாளி இறங்கினார். அவரோடு அவர் மச்சான் குமரேசன் ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்தான். குமரேசனுக்குச் 'சூப்பர்வைசர்' என்று பெயர். சாக்கைத் தரையில் கவிழ்த்தான். இரண்டு பழைய டர்போக்கள் உருண்டன.

"பாருங்க சார்," என்றார் முதலாளி, பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி. "வண்டியில இருக்கிறது மூணாவது. ரெண்ட ஏற்கெனவே தின்னுட்டான். போட்டு ரேஸ் பண்றது, ஆறவிடாமப் படக்குன்னு ஆஃப் பண்றது. இவன் கால்ல என்ன இருக்குன்னே தெரியல."

லாரியிலிருந்து டிரைவர் அடைக்கலம் இறங்கினார். முதலாளியைவிடப் பத்து வயதாவது மூத்தவர், ஒல்லியான மனிதர். "மொதலாளி, நான் ஒருநாளும் அப்படி ஓட்டுனதில்ல. ஹாரன் மாட்டுனதுலேருந்துதான் இழுவை கொறஞ்சுச்சுன்னு அப்பவே சொன்னேன்ல" என்றார்.

"கேட்டீங்களா? ஹாரன் அடிச்சா டர்போ போகுமாம்!" முதலாளி சிரித்தார். குமரேசன் உடனே சிரித்தான், அவன் சம்பளத்தில் அதுவும் சேர்த்தி. "சாவியக் குடு. இனிமே நீ என் வண்டியத் தொடக் கூடாது. ஒன்ன எவன் வண்டியில ஏத்துறான்னு நானும் பாக்குறேன். கந்தர்வகோட்டையிலேருந்து தஞ்சாவூர் வரைக்கும் சொல்லிட்டுத்தான் ஓய்வேன்."

அடைக்கலம் சாவியைக் கொடுத்தார். ஒரு டிரைவருக்கு லைசென்ஸ் போனால்கூட மீட்டுவிடலாம். டர்போ தின்கிறவன் என்று லோடு பிடிக்கிற இடங்களில் பேர் கெட்டுவிட்டால் அதைப் புதுப்பிக்க ஆபீஸ் கிடையாது.

ஃபோர்மேன் இருவரையும் பார்க்கவில்லை. சாக்கிலிருந்து விழுந்த டர்போக்களைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "சாட்சியக் கொண்டாந்து குடுத்துருக்கீங்க, ரொம்ப நன்றிங்க" என்றார். முதலாளிக்கு மகிழ்ச்சி. நான் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

இரண்டு டர்போக்களின் நடுப்பாகத்தையும் என்னைப் பிரிக்கச் சொன்னார். சூடு ஆறாமல் எஞ்சினை நிறுத்துகிற பழக்கம் இருந்தால் உள்ளே எண்ணெய் கருகித் தார் மாதிரி ஒட்டியிருக்கும், தண்டு நீலம் பாய்ந்திருக்கும். இரண்டிலும் அப்படி எதுவும் இல்லை. தண்டு வெள்ளையாக இருந்தது.

"இவரு ஒழுங்கா ஆறவிட்டுத்தாங்க நிறுத்தியிருக்காரு" என்றார் ஃபோர்மேன்.

பிறகு காற்றுப்பக்கச் சக்கரங்களைக் காட்டினார். முதல் டர்போவின் இறக்கைகள் முனையில் கிழிந்து நெளிந்திருந்தன. "இவுக ஏதோ இரும்பக் கடிச்சிருக்காக." இரண்டாவதின் இறக்கைகள் முனை தேய்ந்து, கத்தி போல் மெலிந்திருந்தன. அதன் மேல் முழுக்கக் கீறல். "இவுக மண்ணத் தின்னுருக்காக. இந்தக் கீறல் மட்டும் மனுசன் போட்டது. யாருங்க கம்பி பிரஷ் வச்சுத் தேச்சது?"

குமரேசன் பட்டறைக் கூரையைப் பார்த்தான். "மண்ணெண்ணெய்ல ஊறப் போட்டு நாந்தான் கிளீன் பண்ணுனேன். போன்ல வீடியோ பாத்தேன்" என்றான்.

"அருமைங்க. கோயில் குத்துவெளக்கக்கூட இப்படித் தேய்க்க மாட்டாங்க."

வண்டியில் இருந்த மூன்றாவதின் குழாயைக் கழற்றி டார்ச் அடித்தோம். செம்மண் எண்ணெயோடு குழைந்து சக்கரத்தில் சந்தனம் போல அப்பியிருந்தது. ஆனால் ஏர் ஃபில்டர் கிழியவில்லை. அப்படியானால் ஃபில்டரைத் தாண்டி மண் எப்படி வந்தது? ஃபோர்மேன் குழாயைத் திரும்ப மாட்டச் சொல்லி, எஞ்சினை மெதுவாக ஓடவிடச் சொன்னார். பட்டறை சாமி படத்துக்கு ஏற்றியிருந்த ஊதுபத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். முருகன் படத்து ஊதுபத்தியை எடுக்கும் முன் படத்தைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

கேபினுக்குப் பின்னால், ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் காற்றுக்குழாய் ஓரமாக ஊதுபத்தியை நகர்த்திக்கொண்டே போனார். புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் சட்டென்று வளைந்து குழாயை நோக்கி ஓடி மறைந்தது. அந்த இடத்தில் பளபளவென்று ஒரு நீள ஹாரன். முதலாளியின் மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பாட்டு ஹாரன். அமுக்கினால் ஐந்து வகை மெட்டு வரும். அதை மாட்டிய எலெக்ட்ரீசியன், வேறு இடம் கிடைக்காமல், அந்தக் குழாயிலேயே ஓட்டை போட்டு ஸ்க்ரூ முடுக்கியிருந்தான். ஆட்டத்தில் ஓட்டைகள் பெருத்துவிட்டன. ஃபில்டர் பாட்டுக்கு ஒரு பக்கம் மண்ணை வடிகட்டியது, ஹாரன் மறுபக்கம் வரவேற்றது.

ஹாரனைக் கழற்றினோம். ஓட்டை நான்கு, ஸ்க்ரூ மூன்று. ஃபோர்மேன் முதல் டர்போவை எடுத்து முதலாளி கையில் கொடுத்தார்.

"நாலாவது ஸ்க்ரூ இவுக வயித்துக்குள்ளதான் போயிருக்குதுங்க."

முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சரி, ஆனது ஆச்சு. க்ளீன் பண்ணி மாட்டி விடுங்க. ஹாரன வேற எடத்துல மாட்டுங்க, பையன் கோவிச்சுக்குவான்."

அடைக்கலம் அங்கேயேதான் நின்றார். அவரைப் பற்றி முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. டர்போவைப் பற்றி வருத்தப்பட்டார், மகனைப் பற்றிக் கவலைப்பட்டார், காரில் ஏறினார். அடைக்கலம் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.

மூன்றாவது டர்போவின் தண்டில் ஆட்டம் வரம்புக்குள் இருந்ததால் சுத்தம் செய்து மாட்டலாம் என்று முடிவானது. மறுநாள் மாட்டி, எண்ணெய் கொடுத்து, புதுக் குழாயும் போட்டுவிட்டேன். இரண்டு வேலை பாக்கி. மண் அடைத்த பழைய ஃபில்டரைப் பெட்டியோடு கழற்றியாயிற்று, புது ஃபில்டர் கடையிலிருந்து வர வேண்டும், அதுவரை குழாயின் வாய் திறந்திருந்தது. டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரில் பழைய கசிவு எண்ணெய் தேங்கியிருந்தது, அதை வடிக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு வடிக்கலாம் என்றார் ஃபோர்மேன். அவர் எவர்சில்வர் தட்டில் எலுமிச்சைச் சோற்றைப் போட்டுக்கொண்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தார்.

அந்த நேரம் முதலாளி வண்டியை எடுக்க வந்துவிட்டார். குமரேசன் நேராகக் கேபினில் ஏறி, யாரையும் கேட்காமல் சாவியைத் திருப்பினான். அடைக்கலமும் அப்போது அங்கே இருந்தார். கேபினில் கிடந்த தன் போர்வையையும் தூக்குவாளியையும் எடுத்துப்போக வந்திருந்தார்.

எஞ்சின் பிடித்தது. ஒரு நொடி நன்றாகத்தான் ஓடியது. பிறகு தேங்கியிருந்த எண்ணெயை உறிஞ்ச ஆரம்பித்தது. டீசல் எஞ்சினுக்கு எண்ணெயும் சாப்பாடுதான். சத்தம் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. வெள்ளைப் புகை பட்டறையை மூடியது. குமரேசன் கேபினிலிருந்து குதித்து ஓடினான். நான் ஏறிச் சாவியைத் திருப்பினேன். நிற்கவில்லை. டீசலை நிறுத்தி என்ன பயன், அது டீசலைக் குடிக்கவே இல்லையே. ஓலம் காதைக் கிழித்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் எஞ்சின் வெடித்து இரும்புத் துண்டுகள் பறக்கும். ஸ்டியரிங்கில் பிறந்தவர் வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்காமல் ரோட்டுக்கு ஓடினார். அவரைத் தொடர்ந்து நம் சங்கத்தின் எதிர்காலத் தலைவர்கள் சிலரும் ஓடினார்கள். பெயர் சொல்லவில்லை.

ஓடாமல் எதிர்த்திசையில் வந்தவர் அடைக்கலம். மரத்தடியில் திகைத்து எழுந்து நின்ற ஃபோர்மேன் கையிலிருந்து தட்டைப் பிடுங்கினார். சோறு வெள்ளைச் சட்டையில் கொட்டியது. கேபினுக்குப் பின்னால் ஓடி, திறந்திருந்த குழாயின் வாயில் தட்டைக் கொடுத்து அமுக்கினார். காற்று தட்டை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டது. எஞ்சின் விக்கியது, குலுங்கியது, செத்தது.

அடைக்கலம் இன்னும் தட்டை அமுக்கிக்கொண்டே நின்றார். நான் போய்த் தோளைத் தொட்டு, "போதும்ணே, நின்னுருச்சு" என்றேன். அப்போதுதான் கையை எடுத்தார். உள்ளங்கை முழுக்க மஞ்சளாகச் சோறு.

ஃபோர்மேன் சட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு குமரேசனைத் தேடிப் போய், "வாங்க தம்பி, ஒக்காருங்க" என்றார். அடுத்து அவர் சொன்னதை இந்த மலரில் அச்சடிக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ங்க இருந்தது.

அந்த வேகத்தில் ஓடிய டர்போவை நம்ப முடியாது என்று மறுபடி முழுக்கக் கழற்றிப் பார்த்தோம். எஞ்சினையும் சோதித்தோம். எல்லாம் முடிந்து வண்டி தயாரான நாளில் ஃபோர்மேன் அடைக்கலத்தையும் வரச் சொல்லியிருந்தார். சிமெண்ட் லோடு அடிக்கும் ஒருவர் அவரிடம் நல்ல டிரைவர் கேட்டிருந்தார். அந்த லோடுக்காரரும் அடைக்கலமும் பட்டறை வாசலிலேயே பேசி முடித்துக்கொண்டார்கள்.

முதலாளி வந்தார். அடைக்கலத்தைப் பார்த்ததும் பெரிய மனது பண்ணினார்.

"என்ன அடைக்கலம், நீ நல்லவன்னு எனக்கு அப்பவே தெரியும். வண்டிய எடு, போலாம்."

"தெரிஞ்சுக்கிட்டேதான் ஊரெல்லாம் சொன்னீங்களா?" என்றார் அடைக்கலம். "நான் வேற எடம் பாத்துட்டேன் மொதலாளி."

குமரேசனிடம் லாரி ஓட்டும் லைசென்ஸ் இல்லை. "நானே எடுக்குறேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதா?" என்று முதலாளி கேபினில் ஏறினார். எங்கள் பட்டறை வாசல் குறுகல். லாரியைப் பின்பக்கமாகவே ரோட்டுக்கு எடுக்க வேண்டும். குமரேசன் பின்னால் நின்று "வரட்டும் வரட்டும்" என்று வலது கையை ஆட்டினான். வண்டி இடதுபக்கம் வந்தது. வாசல் தூண் சாய்ந்தது. பயந்து முன்னால் எடுத்தார், மரத்தில் முட்டியது. மறுபடி பின்னால். கடைசியில் லாரி தஞ்சாவூர் ரோட்டில் குறுக்கே, இரண்டு பக்கமும் ஒரு சைக்கிள்கூடப் போக முடியாத மாதிரி நின்றது. புதுக்கோட்டையிலிருந்து வந்த தஞ்சாவூர் பஸ் பிரேக் அடித்தது. அதன் பின்னால் வேன், கார், ஆட்டோ. ஹாரன்கள் எல்லாம் ஒரே மெட்டில் கத்தின. பஸ் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

முதலாளி வேர்த்து வழிந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். யாரைத் தேடினார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"அடைக்கலம்..." என்றார். பஸ் டிரைவர் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். "அடைக்கலத்தண்ணே! கொஞ்சம் வாங்கண்ணே."

அடைக்கலம் அவசரப்படாமல் லாரி பக்கத்தில் போய் நின்றார். "எடுத்து விடுறேன். அதுக்கு முன்னாடி, அன்னைக்கி இங்க நின்னு சத்தமாச் சொன்னீங்கள்ல. அதே சத்தத்துல இன்னைக்கிச் சொல்லுங்க."

"எல்லாரும் இருக்காங்கண்ணே..."

"அதனாலதான் கேக்குறேன்."

முதலாளி பஸ்ஸைப் பார்த்தார். பஸ் அவரைப் பார்த்தது. "டர்போ போனதுக்கு அடைக்கலத்தண்ணன் காரணமில்ல" என்றார்.

"என்னாங்க, கேக்கல!" என்றது பஸ்ஸிலிருந்து ஒரு பெண் குரல். அந்த அம்மாவுக்கு டர்போ என்றால் என்னவென்று நிச்சயம் தெரியாது. ஆனால் நியாயம் தெரிந்திருந்தது.

"அடைக்கலத்தண்ணன் மேல தப்பில்ல! தப்பு என் மேல!" என்று முதலாளி கத்தினார்.

அடைக்கலம் ஏறினார். ஒரே வளைப்பு, கொஞ்சம் பின்னால், மறுபடி முன்னால். லாரி ரோட்டோரத்தில் அழகாக, கந்தர்வகோட்டையைப் பார்த்து நேராக நின்றது. இறங்கினார். சாவியை முதலாளி கையில் வைத்துவிட்டு, வழி கிடைத்து நகர ஆரம்பித்த பஸ்ஸுக்குக் கை காட்டினார். கண்டக்டர் விசில் அடித்து நிறுத்தி, "ஏறுங்கண்ணே, உள்ள எடம் இருக்கு" என்றார்.

பஸ் போய்விட்டது. முதலாளி சாவியோடு லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். லாரி சரியான திசையைப் பார்த்துத்தான் நின்றது. மறுநாள் காலைவரை அங்கேயே நின்றது.